முதலில் கடல், பிறகு கட்டில்

மாலத்தீவுக்கு ஸ்கூபா செய்யப் போகிறவர்களில் பலர் அறையைத்தான் முதலில் பதிவு செய்கிறார்கள். தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் மர வீடு, அதன் படிக்கட்டு நேரே நீலக் காயலில் இறங்கும் படம், கூடவே ஒரு சலுகை விலை. அத்தோடு முடிவாகிவிடுகிறது. டைவிங்கை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் ஒரே கடல்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அது ஒரே கடல் இல்லை. ஏறத்தாழ 1,190 தீவுகள் 26 பவளத்தீவு வளையங்களாகச் சேர்ந்து, வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கிடக்கும் நாடு அது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலையைவிட நீளம். படகில் அதிகம் போனால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தொலைவுக்குத்தான் டைவ் சென்டர்கள் ஆட்களை அழைத்துச் செல்லும். ஆகவே இரவில் எந்தத் தீவில் தலை சாய்க்கிறோமோ, பகலில் நீருக்கடியில் எதைப் பார்ப்போம் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. கடலையும் பருவத்தையும் நம் திறமையையும் வைத்துத் தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கட்டிலைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம். அப்படிப் பார்த்தால், சாதாரண வருமானத்தில் ஆண்டுக்கு ஒருமுறை டைவ் செய்யப் போகிற பெரும்பாலோருக்கு, உள்ளூர் மக்கள் வாழும் தீவிலுள்ள சிறிய கெஸ்ட் ஹவுஸே பொருத்தமான இடமாக வந்து நிற்கும்.

இதைப் புரிந்துகொள்ள அந்தத் தீவுகளின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அடோல் என்று உலகம் முழுக்கச் சொல்கிறோமே, அது மாலத்தீவின் திவேஹி மொழியில் உள்ள ‘அதொளு’ என்ற சொல்லிலிருந்து போனது. பவளப்பாறை ஒரு பெரிய வளையமாக எழும்பியிருக்கும். நடுவில் காயல், வெளியே செங்குத்தாக இறங்கும் ஆழ்கடல். வளையத்தில் ஆங்காங்கே வாசல்கள் உண்டு. அந்த வாசலுக்கு ‘கண்டு’ என்று பெயர். காயலுக்குள் நீர்மட்டத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடும் பாறைத் திட்டு ‘திலா’. மேல்மட்டத்தைத் தொடுமளவு உயர்ந்தது ‘கிரி’. டைவ் இடங்களின் பெயர்களில் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பெயரைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்: ‘கண்டு’ என்றால் நீரோட்டம் வேகமாக இருக்கும், சுறாக்கள் வாசலில் காத்து நிற்கும்; ‘கிரி’ என்றால் ஆழம் குறைவு, புதியவர்களும் நிதானமாகச் சுற்றலாம்.

நீரோட்டத்தின் திசையைப் பருவக்காற்றுதான் தீர்மானிக்கிறது. நம் கடற்கரையில் வாடை, கச்சான் என்று சொல்லப்படும் அதே இரண்டு காற்றுகள்தாம் அங்கேயும் ஆண்டைப் பிரிக்கின்றன; திவேஹியில் அவற்றின் பெயர் இருவய், ஹுளங்கு. சுமார் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றோடு நீர் கிழக்கிலிருந்து மேற்காகத் தள்ளப்படுகிறது. கிழக்கு வாசல்களில் தெளிந்த ஆழ்கடல் நீர் நுழையும். கண்ணுக்கு எட்டிய தூரம் 30 மீட்டர்கூட இருக்கும். உள்ளே காயலைக் கடந்து மேற்கு வாசல்கள் வழியே வெளியேறும்போது அதே நீர் நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்து கலங்கலாகிவிடும். அந்தக் கலங்கல்தான் மாண்டா திருக்கைக்குச் சாப்பாடு. ஆகவே அந்த மாதங்களில் மாண்டா மேற்குப் பக்கத்தில் திரியும், சுறாக்கள் கிழக்கு வாசல்களில் கூடும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்றில் எல்லாம் அப்படியே திரும்பிவிடும். ஒரே அடோலின் இரண்டு கரைகளும் ஒரே வாரத்தில் இரண்டு வேறு கடல்களாக இருக்கும். மாதத்தைச் சொல்லாமல் ‘எந்தத் தீவு நல்லது?’ என்று கேட்பதில் பொருளே இல்லை.

பா அடோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அதன் கிழக்கு ஓரத்தில் ஹனிஃபரு என்ற சிறிய விரிகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில், குறிப்பாக ஜூலை முதல் அக்டோபர் வரை, நீரோட்டமும் ஓதமும் சேர்ந்து மிதவை உயிர்களை அந்தக் குடாவுக்குள் குவிக்கும்போது, மாண்டாக்கள் பெருங்கூட்டமாக வந்து சுழன்று சுழன்று மேயும். இந்தப் படங்களைப் பார்த்து, பக்கத்திலுள்ள தரவந்தூ தீவில் அறை போட ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் பிப்ரவரியில் அங்கே போனால் குடா வெறுமையாக இருக்கும். சரியான மாதத்தில் போனாலும் ஸ்கூபா சிலிண்டரோடு உள்ளே இறங்க முடியாது. 2012 முதல் அங்கே ஸ்நார்க்கெல் மட்டும்தான், அதுவும் காவலர்களின் கண்காணிப்பில், நேரக் கட்டுப்பாட்டோடு. காற்றுக்குமிழிகளும் அடியில் நிற்கும் மனிதர்களும் மேயும் விலங்குகளைக் கலைக்கும் என்பதால் வந்த விதி அது; நியாயமான விதி. ஸ்கூபாதான் வேண்டும் என்பவருக்குத் தரவந்தூவைச் சுற்றி வேறு நல்ல திலாக்கள் உண்டு. ஹனிஃபருவை மட்டும் நினைத்துப் பணம் கட்டியவர் ஏமாந்துபோவார்.

தெற்கு ஆரி அடோலின் கதை வேறு. அதன் தெற்கு விளிம்பில் 2009-இல் அறிவிக்கப்பட்ட கடல் பாதுகாப்புப் பகுதியில், ஆண்டின் எந்த மாதத்திலும் திமிங்கலச் சுறாவைக் காண வாய்ப்புண்டு. பெரும்பாலும் முழுதாக வளராத ஆண் சுறாக்கள். மேல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே நீந்துகிறவை. திகுரா, தங்கேதி, மாமிகிலி ஆகிய தீவுகள் அங்கே இருக்கின்றன. மாமிகிலியில் விமான நிலையமும் உண்டு. கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் டைவர், மற்றவரும் பிள்ளைகளும் நீந்த மட்டும் தெரிந்தவர்கள் என்ற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி சொல்வது கடினம். ஒரே படகில் போய் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். கிழக்கே வாவு அடோலில் நிலைமை நேர்மாறு. ஃபுலிதூ, தினதூ போன்ற தீவுகளில் தங்கினால் ஃபொத்தேயோ, மியாரு கண்டு ஆகிய புகழ்பெற்ற வாசல்கள் படகுக்கு எட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சாம்பல் சுறாக்கள் அங்கே நீரோட்டத்தை எதிர்த்துத் தொங்குவதுபோல் நிற்கும். தெற்கே வெகு தொலைவில், ஒரே தீவு ஓர் அடோலாக நிற்கும் ஃபுவாமுலாவில் ஆண்டு முழுதும் புலிச் சுறாவைப் பார்க்கலாம். இவை அனைத்தும் ‘மாலத்தீவு’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒரு வாரத்தில் இவற்றில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

பருவத்துக்கு அடுத்தபடி நம்மை நாமே நேர்மையாக எடைபோட வேண்டும். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி தருகிறது. அட்வான்ஸ்டு 30 மீட்டர் வரை. மாலத்தீவின் சட்டமும் பொழுதுபோக்கு டைவர்களுக்கு 30 மீட்டரோடு எல்லை போட்டுவிட்டது. பெரிய வாசல் டைவ்களில் சுறாக்களைப் பார்க்கும் விளிம்பு பெரும்பாலும் 25, 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும். படகிலிருந்து குதித்ததும் மேலே மிதக்காமல் நேரே இறங்க வேண்டும்; பாறையில் கொக்கி மாட்டி நீரோட்டத்தில் கொடிபோல் நிற்க வேண்டும்; முடிவில் நடுக்கடலில் சமிக்ஞை மிதவையை ஏற்றிவிட்டு மெதுவாக மேலே வர வேண்டும். பயிற்சி முடித்து 4 டைவ் மட்டுமே செய்த ஒருவர் பிப்ரவரியில் வாவுவில் அறை எடுத்தால், நல்ல டைவ் மாஸ்டர் அவரை அந்த வாசல்களுக்கு அழைத்துப் போக மாட்டார். மோசமானவர் அழைத்துப் போவார். இரண்டிலும் நஷ்டம் அவருக்குத்தான். ஃபுவாமுலாவும் அப்படியே. புலிச் சுறாவின் முன்னால் பதற்றமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கத் தெரியாதவர் அங்கே போகக்கூடாது என்று நான் உறுதியாகவே சொல்வேன். காயலுக்குள் அமைதியான கிரிகள் நிறைந்த பகுதியே தொடக்கக்காரருக்கு ஏற்றது. அங்கே 12 மீட்டரில் ஆமையும் விலாங்கும் மஞ்சள் கோட்டு மீன் கூட்டங்களும் போதும் போதும் என்னுமளவு கிடைக்கும்.

இனி கட்டிலுக்கு வருவோம். மாலத்தீவில் சுற்றுலா 1972-இல் குரும்பா என்ற ரிசார்ட்டோடு தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் ஆளில்லாத தீவொன்றில் ரிசார்ட், இல்லையென்றால் சஃபாரி படகு என்பதே வழக்கம். மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டார் தங்க அனுமதி இல்லை. 2009, 2010 வாக்கில்தான் அந்தக் கதவு திறந்தது. தெற்கு மாலே அடோலின் மாஃபுஷியில் தொடங்கிய கெஸ்ட் ஹவுஸ் தொழில் இன்று எல்லா அடோல்களிலும் பரவிவிட்டது. ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே பல இரவுகள் தங்கலாம் என்பது எல்லோரும் அறிந்ததே. அரசின் பசுமை வரிகூட 2025 முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், உள்ளூர்த் தீவின் சிறு விடுதியில் 6 டாலர். எனக்கு முக்கியமாகப் படுவது விலையைவிட வேறொன்று. ரிசார்ட் தீவில் பெரும்பாலும் ஒரே டைவ் சென்டர்தான். பிடிக்காவிட்டாலும் போக வேறு இடமில்லை. திகுரா போன்ற தீவில் நடந்து போகும் தூரத்தில் நாலைந்து சென்டர்கள் இருக்கும். முதல் நாள் சரியில்லை என்றால் மறுநாள் வேறிடம் போகலாம். ஆகவே சென்டரை முதலில் விசாரித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் அறை பார்ப்பதே சரி. காலையில் தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனி ரொட்டியோடு வரும். நம் வீட்டு மாசிக் கருவாடு எந்தக் கடலிலிருந்து வந்ததோ அந்த ஊர்ச் சாப்பாடு அது. தமிழ் நாக்குக்கு அன்னியமாக இராது.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நல்ல இடங்கள் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தால் போக வர நாளுக்கு 3 மணி நேரம். கால் மணி நேரத் தொலைவில் இருந்தால் அரை மணி நேரம். ஐந்து டைவ் நாட்களில் வித்தியாசம் 12 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு இரண்டு டைவ் என்று வைத்தால் அந்த ஐந்து நாளிலும் நீருக்கடியில் நாம் இருக்கும் மொத்த நேரமே 10 மணிதான் வரும். அறையின் குளிரூட்டியைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் பத்து விமர்சனங்கள் படிக்கிறவர்கள், டைவ் இடங்களுக்குப் படகு எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற ஒரு கேள்வியைக் கேட்பதில்லை.

இந்தக் கணக்கைக் காட்டியே சிலர் மறுக்கலாம்: அப்படியானால் படகிலேயே தங்கிவிடுவதுதானே நல்லது? வலுவான மறுப்பு. சஃபாரி படகு இரவில் டைவ் இடத்துக்குப் பக்கத்திலேயே நங்கூரமிடும். நாளுக்கு மூன்று டைவ், ஒரு வாரத்தில் மூன்று நான்கு அடோல்கள். டைவ் செய்ய ‘தோனி’ என்ற தனிப் படகு கூடவே வரும். நம் தோணிதான் அது, பெயரிலும் உறவிலும். 50 டைவ் கடந்தவருக்கு, டைவ் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு, அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அது பொருந்தாது. சஃபாரியின் அட்டவணை குழுவுக்கானது. காது அடைத்துக்கொண்டாலோ சளி பிடித்தாலோ உள்ளூர்த் தீவில் இரண்டு நாள் ஓய்வெடுத்துத் தொடரலாம்; படகில் மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2019 செப்டம்பரில் கலிபோர்னியாக் கடலில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு இரவில் தீப்பிடித்ததில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிவந்து கண்காணிக்க அந்தப் படகில் ஒருவரும் இல்லை. எந்தக் கடலில் சஃபாரி படகு ஏறினாலும், இரவுக் காவல் உண்டா, கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும்.

ரிசார்ட் பக்கத்திலிருந்தும் ஒரு நல்ல மறுப்பு உண்டு. ரிசார்ட்டைச் சுற்றியுள்ள பவளப்பாறையை அவர்களே காக்கிறார்கள். கரையிலிருந்து நடந்தே இறங்கி, படகே இல்லாமல் டைவ் செய்யலாம். உண்மைதான். பல உள்ளூர்த் தீவுகளில் துறைமுகம் தோண்டியும் கடலை மண்ணிட்டு நிரப்பியும் கரைப் பாறைகள் சேதமாகிவிட்டன. தொடக்கக்காரருக்கு, தினமும் தன் போக்கில் பழக, நல்ல கரைப் பாறையுள்ள எளிய ரிசார்ட் ஒன்று பெரிய வரம். வசதி உள்ளவர்கள் அதைத் தேர்ந்தால் தவறே இல்லை. ஆனால் எல்லா ரிசார்ட்டுக்கும் அந்தப் பாறை இல்லை. படத்தில் அழகாகத் தெரியும் அகன்ற வெண்மணல் காயல் என்றால், அந்தப் பக்கம் பாறை வெகு தொலைவில் இருக்கிறது என்றே பொருள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலையில் வந்து இறங்குபவர் அன்றிரவை மாலேயிலோ ஹுளுமாலேயிலோ கழித்தாக வேண்டும். உள்ளூர்த் தீவில் மது கிடையாது, பொதுக் கடற்கரையில் உடை கட்டுப்பாடு உண்டு, வெள்ளிக்கிழமை அரசுப் படகுகள் பல ஓடா. இவற்றைக் குறையாகச் சொல்வார்கள். மறுநாள் காலை 25 மீட்டர் இறங்கப் போகிறவருக்கு முதல் நாள் இரவு மது இல்லாமற்போவதைக் குறையென்று நான் எண்ணவில்லை.

பாதுகாப்பைப் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. சிறிய தீவு, சிறிய சென்டர். ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்? கேட்க வேண்டிய கேள்வியே இது, ரிசார்ட்டிலும் கேட்க வேண்டியது. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் உடன் வருவாரா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதல் டைவ் நம் திறமையைச் சோதிக்கும் எளிய டைவாக இருக்குமா என்று எழுதிக் கேட்டால், நல்ல சென்டர் தயங்காமல் பதில் எழுதும். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் உயரழுத்த அறை மாலேக்கு அருகிலுள்ள பந்தோஸ் தீவில் இருக்கிறது. நாம் தங்கும் தீவிலிருந்து அப்படியொரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பதை அறையின் விலைக்கு இணையாக எடைபோட வேண்டும். நம் ஊரில் எடுக்கும் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கி வைக்கின்றன. சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, தேவையானால் டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

பழைய படங்களை நம்பியும் தீவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 1998-இல் கடல் சூடேறியபோது மாலத்தீவின் ஆழம் குறைந்த பவளங்களில் பெரும்பகுதி வெளுத்து இறந்தது. மெல்ல மீண்டு வந்த பாறைகள் 2016-இல் மறுபடியும் வெளுத்தன. 2024-இல் உலகெங்கும் இன்னொரு வெளுப்பு. ஆழமான திலாக்களும் நீரோட்டமுள்ள வாசல்களும் ஓரளவு தாங்கின. ஆழமற்ற காயல் பாறைகள் அதிகம் அடிபட்டன. சுறாக்களின் நிலை ஆறுதலாக இருக்கிறது: 2010-இல் மாலத்தீவு சுறா பிடிக்கத் தடை விதித்தது. அதற்கு முன்பே 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆரி அடோலின் ஃபிஷ் ஹெட் என்ற திலாவில் உயிரோடு சுற்றும் ஒரு சாம்பல் சுறா, டைவர்கள் மூலம் ஆண்டுக்கு 33,500 டாலர் ஈட்டித் தருகிறது; மீனவர் பிடித்து விற்றால் ஒருமுறை கிடைப்பது 32 டாலர். அந்த வருமானம் மீனவர் வீட்டுக்குப் போய்ச் சேர வழியே இல்லாமல் இருந்தது. கெஸ்ட் ஹவுஸ் வந்த பிறகு அதில் ஒரு பங்காவது படகோட்டிக்கும், ரொட்டி சுடும் பெண்ணுக்கும், டைவ் மாஸ்டராகிவிட்ட அந்த ஊர் இளைஞனுக்கும் கிடைக்கிறது. நான் உள்ளூர்த் தீவின் பக்கம் நிற்க இதுவும் ஒரு காரணம்.

கடைசி இரவின் கட்டிலையும் கடலே தீர்மானிக்கிறது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். தாழப் பறக்கும் கடல் விமானமும் இந்தக் கணக்கில் விமானம்தான். உள்நாட்டு விமானத்தில் திரும்ப வேண்டிய ஃபுவாமுலாவிலோ, கடல் விமானம் மட்டுமே போகும் ரிசார்ட்டிலோ இருந்தால், அங்கிருந்து கிளம்பும் நேரத்திலிருந்தே 18 மணியைப் பின்னோக்கி எண்ண வேண்டும்; ஒரு டைவ் நாள் போய்விடும். வேகப் படகில் மாலேக்கு வரக்கூடிய தீவு என்றால் காலையில் டைவ் முடித்து, பிற்பகலில் தலைநகருக்கு வந்து, மறுநாள் நிம்மதியாக விமானம் ஏறலாம். அந்தப் பிற்பகலில் மாலேயின் வடகரையில் உள்ள மீன் சந்தைக்குப் போகலாம். தூண்டிலில் பிடித்த சூரைகளோடு தோனிகள் அந்நேரத்தில்தான் கரை சேரும். ஈரத் தரையில் வரிசையாக மீனைக் கிடத்தி, கத்தியின் சில இழுப்பில் முள்ளை நீக்கிக் கொடுப்பார்கள்.